கடைசிச் சில அடிகள்

2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி நள்ளிரவில் அமெரிக்க அரசு ஒரு திரையை விலக்கியது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அதுவரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலக்கப்பட்ட தகவலைத்தான் அனுப்பிவந்தன. துல்லியம் எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற ராணுவக் கணக்கு அது. கையில் கருவி இருந்தும் ஒரு சாதாரண மனிதருக்குத் தாம் நிற்கும் இடம் நூறு மீட்டர் வரை பிசகித்தான் தெரியும். கிளின்டன் அரசின் உத்தரவு வந்ததும் அந்தக் கலங்கல் நின்றது. பிழை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மலையேறுகிறவர்களும் படகோட்டிகளும் அதே பழைய கருவியைத்தான் மறுநாளும் கையில் எடுத்தார்கள். கருவி மாறவில்லை, மேலே மூடியிருந்தது மட்டும் போயிருந்தது.

மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குத் தெற்கே பீவர்கிரீக் என்ற சிற்றூர்ப் பக்கம், ஒரு கறுப்பு வாளியைக் கொண்டுபோய்ப் பாதி புதைந்த நிலையில் வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், மென்பொருள், வீடியோ நாடா, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். கூடவே வந்தவர்கள் பெயர் எழுத ஒரு குறிப்பேடும் பென்சிலும். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஊரறியச் சொன்னார். விதி ஒன்றுதான்: கண்டுபிடித்தால் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

அந்த ஒரு வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. அச்சத்தால் செய்த மறைப்பு ஒன்று முடிந்தது. முடிந்த கையோடு மனிதன் செய்த முதல் காரியம், இன்னொன்றை மறைத்து வைத்தது! தெளிவு கிடைத்ததும் அதை வைத்து எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தேடட்டும், கண்டுபிடிக்கட்டும், மகிழட்டும் என்று ஒளித்து வைக்கத் தோன்றியது. இந்த விளையாட்டில் பலரும் விரும்பும் பெட்டி எது தெரியுமா? ராணுவம் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டி. இரும்பாலானது, ரப்பர் விளிம்பு வைத்தது, மழைநீர் புகாது. தோட்டா இருந்த இடத்தில் இப்போது குழந்தைகளுக்கான பொம்மைக் கார்களும் கோலிக்குண்டுகளும் இருக்கின்றன.

மறைப்பிலும் இரண்டு வகை உண்டு என்பதைச் சைவ சித்தாந்தம் மிக நுட்பமாகச் சொல்கிறது. இறைவனின் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதல் மூன்றும் எல்லோருக்கும் எளிதில் புரிகின்றன. நான்காவதில்தான் மனம் இடறுகிறது. காட்ட வேண்டியவன் ஏன் மறைக்கிறான்? பக்குவம் வரும்வரை உயிர் தன் வினையை நுகர்ந்து முதிர்வதற்காகவே அவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான் என்பது சித்தாந்தத்தின் விடை. ஆகவே மறைப்பும் அருளின் ஒரு செயலே. நடராசர் திருமேனியில் ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிக்கிறது, தூக்கிய திருவடி அருளலைக் குறிக்கிறது என்பார்கள். ஊன்றிய கால் இல்லாமல் தூக்கிய கால் ஏது? இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம், கைகூப்பியும் இருக்கிறோம். ஆனாலும் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று கண்ணுக்கு மறையும்போது, அது தூக்கிய காலின் துணைக் கால் என்று நினைக்க நமக்கு எளிதில் வருவதில்லை.

ஒளித்தவர் மனநிலை எப்படிப்பட்டது என்பதைக் கேச் எனப்படும் இந்தப் பெட்டிகளைத் தேடுகிறவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஒளித்தவர் தேடுபவரைத் தோற்கடிக்க நினைப்பதில்லை. எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டு முன்கூட்டியே சொல்கிறார். ஏறும் பாதை எப்படி இருக்கும் என்பதற்கும் அதேபோல ஒரு தரம். துப்பு ஒன்றும் எழுதி வைக்கிறார். பின்பு வீட்டில் உட்கார்ந்து யாராவது கண்டுபிடித்தார்களா என்று காத்திருக்கிறார். ஒருவரும் வராத பெட்டியை வைத்தவரைப் போல் ஏங்குகிறவர் யாருமில்லை. தேடுகிறவனுக்கு இருக்கும் ஆவலைவிட, கண்டெடுக்கப்பட வேண்டும் என்ற ஆவல் அந்தப் பக்கத்தில் கூடுதல்.

இனி, கருவியைப் பற்றி.

தேடுபவர் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. பலருக்கு இது தெரியாது. நம் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதாக நினைக்கிறோம். அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. கருவி கேட்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு குரல்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. நேரக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு மெல்லிய கேட்டல். கேட்டு அறிவதைக் கேள்வி என்று பெயரிட்டுச் செல்வங்களுள் வைத்த மரபு நம்முடையது. வாய் திறக்காமல் நான்கு திசைக் குரலுக்கும் செவி கொடுத்தால் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிந்துவிடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இவ்வளவு நுட்பமும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. திறந்தவெளியில் ஒரு நல்ல கைப்பேசி ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். மரங்கள் அடர்ந்தால், பாறைச் சுவர் பக்கத்தில் இருந்தால், அலைகள் சிதறியும் எதிரொலித்தும் வரும், பிசகு கூடும். ஒளித்தவர் இடம் குறித்தபோது அவருடைய கருவிக்கும் ஒரு பிசகு இருந்திருக்கும். இரண்டும் சேரும். ஆகவே அம்புக்குறி உங்களைப் பல கிலோமீட்டர் கைபிடித்து அழைத்துவந்து, பெட்டிக்குச் சில அடி முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டத் தொடங்கும். இடப்பக்கம் என்னும், திரும்பினால் பின்னால் என்னும். புதிதாக வந்தவர்கள் அங்கே கருவியைத் திட்டுவார்கள். பழகியவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். இனி வேண்டியது கண்ணும் கையும்தான். இயல்பாக விழாத ஒரு சுள்ளிக் குவியல், இடம் பெயர்ந்த ஒரு கல், வேர் முடிச்சுக்குள் இருக்க வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமான இருட்டு. ஒளித்தவர் நானாக இருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் தேடுகிறவனுக்கு ஒளித்தவனோடு முதல் உறவு ஏற்படுகிறது. அதுவரை கருவியோடுதான் உறவு.

சாத்திரமும் இதைத்தான் செய்கிறது என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நூல்களும் குருமார்களும் நம்மைத் தொலைவிலிருந்து அழைத்துவந்து ஓரிடத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாகக்கூடத் தோன்றும். ஒருவர் உள்ளே பார் என்கிறார், இன்னொருவர் உன்னை மற என்கிறார். அம்புக்குறி சுழல்கிறது. பல பேர் அங்கேதான் நூலை மூடிவிட்டு, எல்லாம் பொய் என்று திரும்புகிறார்கள். வேறு சிலர் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு ஆயுள் முழுவதும் அந்த வட்டத்தில் சுற்றுகிறார்கள். நான் இரண்டாவது கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விளக்கம் நன்றாகச் சொல்லுவார்கள், குனிந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த விளையாட்டுக்காரர்களின் சில வழக்கங்களை ஒரு துறவி மடத்து ஒழுக்கமாகவே கொள்ளலாம். கண்டெடுத்த பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு இருந்தபடியே, முடிந்தால் இன்னும் நன்றாக மறைத்துவைக்க வேண்டும். உள்ளிருக்கும் பொருளை எடுத்தால் அதற்குச் சமமானதோ மேலானதோ வைக்க வேண்டும். விவரம் அறியாமல் அந்தப் பக்கம் நடந்துபோகிறவர்களுக்கு 'மகிள்' என்று பெயர். ஹாரி பாட்டர் கதையிலிருந்து வந்தது. அவர்கள் கண்ணில் படாமல் தேட வேண்டும். பூங்கா பெஞ்சில் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தால், அந்தப் பெஞ்சுக்கடியில் விரல்நுனி அளவுள்ள காந்தக் குப்பி ஒன்று ஒட்டியிருக்கலாம். தவத்தை விளம்பரம் செய்யாதே என்று நம் பெரியவர்கள் சொன்னதை இங்கே ஓர் ஆட்டவிதியாகவே வைத்திருக்கிறார்கள். 2002 முதல், தேடப் போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவதும் வழக்கமாயிற்று. உழவாரப்படை ஏந்திக் கோயில் பாதையைச் செதுக்கிச் சென்ற அப்பர் பெருமான் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, கிடைக்காதபோது செய்ய வேண்டியது. 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று பதிவு செய்ய வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எழுதுவதால் ஒளித்தவருக்குத் தகவல் போகிறது. பெட்டி வெள்ளத்தில் போயிற்றா, யாராவது எடுத்துவிட்டார்களா என்று அவர் போய்ப் பார்ப்பார். கண்டவர்கள் எழுதுவதைவிடக் காணாதவர்கள் எழுதுவதுதான் பெட்டியை உயிரோடு வைத்திருக்கிறது. நம் பிரார்த்தனைகளில் இந்த நேர்மை எத்தனை முறை இருந்திருக்கிறது? இன்று உன்னைத் தேடினேன், காணவில்லை என்று சொல்லக் கூசி, கண்டதுபோலவே பாடிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

கடைசிச் சில அடிகளின் கதை இன்னொரு விளையாட்டிலும் உண்டு. உல்மர் வாளி வைத்த ஒரேகானுக்குக் கிழக்கே, பாம்பாறு என்று பொருள்படும் ஸ்நேக் ஆறு எல்லையின் ஒரு பகுதியை வகுத்துத் தர, ஐடஹோ மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் பாய்ஸி. அங்கே 1932இல் எபிஸ்கோபல் திருச்சபை ஓர் இரண்டாண்டுக் கல்லூரியைத் தொடங்கியது. அது வளர்ந்து 1974இல் பாய்ஸி மாநிலப் பல்கலைக்கழகமாயிற்று. அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பிரிவுக்கு அதன் அணி வந்தது 1996இல்தான். நூறாண்டுப் புகழ் உள்ள பல்கலைக்கழகங்கள் நடுவே அது நேற்று முளைத்த செடி. தன்னை யாராவது கவனிக்கட்டும் என்றோ என்னவோ 1986இலேயே தன் மைதானத்துக்குப் பச்சைக்குப் பதில் நீலப் புல்விரிப்பைப் போட்டிருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பட்டம் என்பது நெடுங்காலம் விளையாடி மட்டும் பெறுகிற பொருளாக இருந்ததில்லை. 1998 முதல் 2013 வரை, பயிற்சியாளர்கள் முதலானோரின் வாக்கும் கணினிகளின் கணக்கும் சேர்ந்து இரண்டே அணிகளைத் தேர்ந்தெடுக்கும். அந்த இரண்டும் மோதும், வென்றது சாம்பியன். சிறிய கூட்டமைப்பில் ஆடும் ஓர் அணி, ஆண்டு முழுவதும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இருந்தாலும், எதிர்த்தவர்கள் பலமில்லாதவர்கள் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடலாம். 2006இல் பாய்ஸிக்கு அதுதான் நடந்தது. கிறிஸ் பீட்டர்சன் தலைமைப் பயிற்சியாளரான முதல் ஆண்டு. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி. பட்ட ஆட்டத்துக்கு அழைப்பில்லை. அதற்குப் பதிலாக 2007 ஜனவரி முதல் தேதி, அரிஸோனாவின் கிளெண்டேல் மைதானத்தில், ஃபியஸ்டா பௌல் என்ற ஆட்டத்தில் ஓக்லஹோமாவை எதிர்கொள்ளச் சொன்னார்கள். ஏழு தேசியப் பட்டம் கண்ட அணி ஓக்லஹோமா.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுமுன் வாசகருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கால்பந்து தூரத்தின் விளையாட்டு. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒரு யார்டு என்பது மூன்று அடி. கல்லூரி ஆட்டத்தில் ஐயம் வந்தால் பத்து யார்டுச் சங்கிலியைக் கொண்டுவந்து அங்குலம் அங்குலமாக அளப்பார்கள். பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை மட்டும் நடுவர் ஓடிவந்து கண்மதிப்பில் முடிவு செய்கிறார்! உத்தேசமாக வைத்ததை இவ்வளவு கறாராக அளக்கிறார்களே என்று முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பாவ புண்ணியக் கணக்குகளும் அப்படித்தானோ என்று பிறகு தோன்றியது.

பாய்ஸி அன்று 28–10 என்று முன்னணியில் இருந்தது. ஓக்லஹோமா ஏறிவந்து சமன் செய்தது. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும்போது பாய்ஸிக்காகப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜாரெட் ஸப்ரான்ஸ்கி எறிந்த பந்தை எதிராளி பிடித்து, கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடி, டச்டவுன் ஆக்கிவிட்டார். 28–35. அடுத்து, நான்காவது முயற்சி, கடக்க வேண்டியது 18 யார்டு, மீதமிருப்பது 18 நொடி. இந்த இடத்தில் எந்தக் கணினியைக் கேட்டாலும் கதை முடிந்தது என்றே சொல்லியிருக்கும். பந்து ஒருவர் கைக்குப் போய், அவர் தம்மைப் பிடிக்க எதிராளிகள் சூழும் நேரத்தில் குறுக்கே ஓடிவந்த இன்னொருவரிடம் தட்டிவிட, அவர் கோட்டைத் தொட்டார். ஐம்பது யார்டு. மிச்சம் ஏழு நொடி. 35–35.

கூடுதல் ஆட்டத்தில் ஓக்லஹோமா முதல் ஓட்டத்திலேயே ஏழு புள்ளி எடுத்தது. பாய்ஸி மறுபடியும் நான்காவது முயற்சி வரை தள்ளப்பட்டு, ஒருவழியாக டச்டவுன் போட்டு 41–42 என்று வந்தது. இப்போது ஒரு தேர்வு. பந்தை உதைத்தால் ஒரு புள்ளி, அநேகமாக நிச்சயம், ஆட்டம் நீளும். அல்லது மூன்று யார்டு தொலைவிலிருந்து ஒரே முயற்சியில் கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி. வெற்றியோ தோல்வியோ அங்கேயே முடிந்துவிடும்.

மூன்று யார்டு என்பது மூன்று மீட்டருக்கும் குறைவு. ஒரு கைப்பேசியின் ஜிபிஎஸ் பிசகுக்குள் அடங்கிவிடுகிற தூரம். செயற்கைக்கோளால்கூட நீ கோட்டுக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த இடத்துக்கு, ஓர் ஆண்டு முழுவதும் பதின்மூன்று ஆட்டம் ஆடி அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பீட்டர்சன் உதைக்கச் சொல்லவில்லை.

ஸப்ரான்ஸ்கி பந்தை வாங்கிப் பின்வாங்கினார். வலக்கையை உயர்த்தி வலப்பக்கம் நின்ற தோழர்களை நோக்கி எறிந்தார். மைதானம் முழுவதும், எதிரணி முழுவதும், வலப்பக்கம் பார்த்தது. எறிந்த கையில் பந்து இல்லை. அது இடக்கையில், முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. பின்னாலிருந்து வந்த இயான் ஜான்சன் அதை எடுத்துக்கொண்டு யாருமில்லாத இடப்பக்கம் ஓடிக் கோட்டைக் கடந்தார். 43–42. ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில், அணியை உற்சாகப்படுத்தும் குழுவிலிருந்த தன் காதலி முன் மண்டியிட்டுத் திருமணம் செய்துகொள்வாயா என்று கேட்டார். அவள் சம்மதித்தாள்.

இந்த ஆட்டத்தைக் காணொளியில் எத்தனை தடவை பார்த்தாலும் என் கண் வலப்பக்கமே போகிறது. பந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் போகிறது. உயர்ந்த கையை நம்பும் பழக்கம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இறைவன் ஒரு கையை உயர்த்தி உலகைக் காட்டிக்கொண்டிருக்க, தர வேண்டியதை முதுகுக்குப் பின்னால் நமக்காகவே வைத்திருக்கிறான் என்றால், அதை எடுத்துக்கொள்ள அருகில் ஓடிவர வேண்டும். தொலைவில் நின்று பார்க்கிறவனுக்கு உயர்ந்த கைதான் தெரியும். ஜான்சனுக்குத் தெரிந்தது அவர் புத்திசாலி என்பதாலல்ல. அவர் அந்த அணியைச் சேர்ந்தவர் என்பதால்.

அந்த ஆண்டு உச்சப் பிரிவில் தோல்வியே காணாத ஒரே அணி பாய்ஸி. ஆனால் பட்டம் ஃபுளோரிடாவுக்குப் போனது. பாய்ஸிக்கு ஐந்தாம் இடம். அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. எல்லாம் நன்மைக்கே என்று இதன்மேல் விபூதி பூசிவிட எனக்கு மனமில்லை. ஜியோகேச்சிங்கில் ஒளித்தவர் கண்டெடுக்கப்பட வேண்டும் என்று ஏங்குகிறார் என்றேன். பட்டத்தைக் கையில் வைத்திருந்த அமைப்புக்கு அப்படி ஓர் ஏக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மனிதர்கள் வைத்திருக்கும் பரிசுகளுக்கும் இறைவன் வைத்திருக்கும் பரிசுக்கும் இடையே நாம் மறந்துவிடுகிற வித்தியாசம் இது. பட்டத்தை நம்பி ஏமாந்தவன் பிறகு கடவுளிடமும் அதே சந்தேகத்தோடு வருகிறான். அவனைக் குறை சொல்வதற்கில்லை.

2010 இன்னும் கடினமான பாடம். முந்தைய ஆண்டு பதினான்குக்குப் பதினான்கு வென்று நான்காம் இடத்தில் நிறுத்தப்பட்ட அணி, இந்த முறை தொடர்ச்சியாக 24 வெற்றிகளோடு நவம்பர் 26ஆம் தேதி நெவாடா அணியை அவர்கள் ஊரான ரீனோவில் சந்தித்தது. பாதியில் 24–7 என்று முன்னிலை. நெவாடா தொடர்ந்து எட்டிப்பிடித்து, முடிய 13 நொடி இருக்கும்போது 31–31 ஆக்கியது. அப்போதும் பாய்ஸியின் நீண்ட எறிதல் ஒன்று 53 யார்டு பறந்து இறங்கியது. கடிகாரத்தில் நூல் அளவு நேரம் மிச்சம். 26 யார்டு தொலைவிலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பினால் வெற்றி. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற உதை. பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கூடுதல் ஆட்டத்தில் 29 யார்டிலிருந்து மீண்டும் ஒரு வாய்ப்பு. அதுவும் விலகிப் போனது. நெவாடா உதைத்தது உள்ளே போனது. 31–34. பட்டக் கனவு அந்த இரவோடு முடிந்தது.

உதைத்த மாணவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதியவர்கள் போதும். அந்தக் கல்லூரிக்காக அவர் அதற்குமுன் குவித்த புள்ளிகள் ஏராளம். அவர் நின்ற இடத்தைத்தான் நினைக்கிறேன். கடைசிச் சில அடிகளில்தான் மனிதன் இறைவனோடு உறவு கொள்கிறான் என்று மேலே எழுதியதெல்லாம் அந்த இடத்தில் அவர் காதில் சொன்னால் எப்படி இருக்கும்? கொடுமையாக இருக்கும். மிச்ச தூரம் எப்போதும் அருளால் நிரப்பப்படும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று யார்டு கிடைத்த அணிக்கு 26 யார்டு கிடைக்காமல் போயிற்று. இதற்குக் காரணம் கற்பிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. வினைப்பயன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது மிகச் சுலபம். அடுத்தவர் துன்பத்துக்கு வினைக் கணக்குப் பார்க்கச் சொல்லி எந்த அடியாரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

அதன்பின் நடந்தது சிறிய விஷயம், ஆனால் எனக்கு முக்கியம். நான்கு வாரத்துக்குள், டிசம்பர் 22ஆம் தேதி, அதே அணி லாஸ் வேகஸில் யூட்டாவோடு ஆடி 26–3 என்று வென்றது. பட்டமும் இல்லை, பெருமை பேசும் ஆட்டமும் இல்லை. உதைப்பவராக அன்றும் களத்தில் இறங்கியவர் அதே மாணவர். தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு மறுபடி காட்டுக்குள் போகிறவரைப்போல் அவர் போனார்.

பிறகு விதிகள் மெல்ல மாறின. 2014 பருவத்திலிருந்து நான்கு அணிகளுக்கு வாய்ப்பு; 2024இல் பன்னிரண்டு. வாசல் அகலமானதும் பாய்ஸி உள்ளே நுழைந்தது. அந்தப் பருவத்தில் ஒரேகானிடம் கடைசி நேர உதையால் 34–37 என்று தோற்றதைத் தவிர எல்லா ஆட்டமும் வென்று, தன் கூட்டமைப்பின் சாம்பியனாக அந்தப் பன்னிரண்டு அணிப் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. ஆஷ்டன் ஜென்டி என்ற ஓட்டக்காரர் ஒருவர் அந்த அணியைத் தோளில் சுமந்தார். 1988இல் பேரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் ஓடிய 2,628 யார்டுதான் சாதனை. அதை எட்ட இன்னும் 131 யார்டு வேண்டும் என்ற நிலையில், 2024 டிசம்பர் 31ஆம் தேதி, பட்டத்துக்கான காலிறுதியில் பென் ஸ்டேட் அணியை எதிர்க்க ஜென்டி இறங்கினார். இடம், அதே கிளெண்டேல் மைதானம். மைதானத்தின் பெயர் மட்டும் இடையில் மாறியிருந்தது.

பென் ஸ்டேட் 31–14 என்று வென்றது. ஜென்டி அன்று 30 முறை பந்தைச் சுமந்து 104 யார்டு ஓடினார். பருவத்தின் மொத்தம் 2,601. இருபத்தேழு யார்டு குறைவு.

சாண்டர்ஸ் காலத்தில் பருவ முடிவு ஆட்டத்தில் ஓடிய தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் தம் சாதனையைப் பதினோரு ஆட்டத்தில் செய்தவர். ஜென்டிக்குப் பதினான்கு. ஆகவே சாதனை முறிந்திருந்தாலும் வாதம் ஓய்ந்திருக்காது. எந்தச் சங்கிலியால் அளந்தாலும் பந்தை வைத்த இடம் கண்மதிப்புத்தானே! இருபத்தேழு யார்டு என்பது ஏறக்குறைய இருபத்தைந்து மீட்டர். கேச் தேடப் போகிறவர் அந்தத் தூரத்தில் நடையைத் தளர்த்துவார், பேச்சை நிறுத்துவார், கருவியை எப்போது பைக்குள் போடலாம் என்று பார்ப்பார். ஜென்டிக்கு அந்த இருபத்தைந்து மீட்டர் நடக்கக் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்துத் தொழில்முறை அணி ஒன்று அவரை ஆறாவது தேர்வாக எடுத்துக்கொண்டது. பாய்ஸியில் நீல விரிப்பின்மேல் வேறு ஒரு மாணவர் பந்தை வாங்கி ஓடிப் பழகத் தொடங்கினார். கோடை முடிந்து பருவம் பிறந்தபோது வெற்றி தோல்விக் கணக்கு அங்கேயும் ஒரேகானிலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியது.